தெஹிவளை ஒழுங்கைகளில் நம் பிள்ளைகள்

2025 பெப்ரவரி 19இல் புதுக்கடை நீதிமன்றத்துக்குள் கணேமுல்ல சஞ்சீவ சுட்டுக் கொல்லப்பட்டபோது நாடே பாதாள உலகத்தைப் பற்றிப் பேசியது. நாம் கவலைப்படுவது பெயர் வெளிவராத பையன்களைப் பற்றி.

தெஹிவளையில் காலி வீதிக்கும் கடலோரப் புகையிரதப் பாதைக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளில் ஒரே நாளில் எவனும் கும்பலில் சேர்வதில்லை. சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவன், மலையகத்திலிருந்து கடை வேலைக்கு வந்து தனியே தங்கியிருப்பவன் ஆகியோரே முதலில் கண்ணில் படுகிறார்கள். ஒரு பிளேன்ரீ, பிறகு கைமாற்று, பிறகு பழைய கைபேசி ஒன்று. சில மாதம் சென்று, "தம்பி, இதை அந்த வீட்டில குடுத்திட்டு வா" என்கிறார் 'அண்ணன்'. கடன்பட்டவன் எப்படி மறுப்பான்?

பொட்டலத்தின் நிறை பையனுக்குத் தெரியாது. சட்டமோ நிறையைத்தான் பார்க்கிறது. 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஹெரோயின் 2 கிராம், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 'ஐஸ்' 5 கிராம் என்றாலே மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை விதிக்கலாம். விளக்கமறியலுக்குப் போனவனைப் பார்க்க ஊரிலிருந்து வரத் தாயிடம் பஸ் காசு இராது. சட்டத்தரணிக்குப் பணம் கட்டுபவர் அதே அண்ணன்தான். அவன் முழுமையாகக் கும்பலுக்குச் சொந்தமாவது அங்கேதான் என்பது எமது கணிப்பு.

பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்பும் பெற்றோர் முதலாளியின் பெயரோடு நின்றுவிடாமல், இரவில் யாரோடு தங்குகிறான், யாரிடம் கடன் என்பதையும் கேளுங்கள். தொடக்கத்தில் அது சில ஆயிரம் ரூபாதான், வீட்டாரே அடைத்துவிடலாம்.