ஆஸ்பத்திரியில் தீ: எம்.சி.பி. ஏன் ட்ரிப் ஆகல?

ஆஸ்பத்திரியில் தீ விபத்துன்னு செய்தி வந்தா, அடுத்த வரி பெரும்பாலும் 'மின்கசிவே காரணம் என முதற்கட்டத் தகவல்' என்றுதான் இருக்கும். 2021 ஜனவரி 9, மகாராஷ்டிராவின் பண்டாரா மாவட்ட மருத்துவமனையில் 10 பச்சிளம் குழந்தைகள் இறந்தார்கள். 2024 நவம்பர் 15, ஜான்சி மருத்துவக் கல்லூரியில் அன்று இரவே 10 குழந்தைகள். அடுத்த மாதம் 12-ஆம் தேதி, திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் 6 பேர்.

ஷார்ட் சர்க்யூட்னா எம்.சி.பி. ட்ரிப் ஆகணுமே? நியாயமான கேள்வி. ஆனா தீ பிடிக்க ஷார்ட் சர்க்யூட்டே தேவையில்லை. ஒரு லூஸ் கான்டாக்ட் போதும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பிளக் பாயின்ட்டில் ஒரு ஸ்க்ரூ லூஸ், அங்கே 0.5 ஓம் ரெசிஸ்டன்ஸ். கரண்ட் 10 ஆம்பியர். ஐ ஸ்கொயர் ஆர் போட்டுப் பாருங்க, 50 வாட். நம்ம லேப்ல இருக்கிற சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்! அதைப்போல இரண்டு மடங்கு சூடு, பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள்ளே ராத்திரி முழுக்க. வோல்டேஜ் டிராப் வெறும் 5 வோல்ட் என்பதால் ஏ.சி. வழக்கம்போல ஓடும். கரண்ட் கூடாததால் எம்.சி.பி.யும் சும்மா இருக்கும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கதையும் இதேதான். 16 ஆம்பியர் எம்.சி.பி. காப்பாற்றுவது சுவருக்குள்ளே இருக்கிற ஒயரை. 6 ஆம்பியர் பாக்ஸில் 12 ஆம்பியர் இழுத்தா அதுக்குத் தெரியாது. இதோடு ஆக்ஸிஜனையும் சேர்த்துக்கோங்க. காற்றில் சுமார் 21 சதவீதம் இருக்கும் ஆக்ஸிஜன், கசிவால் கொஞ்சம் கூடினாலே துணியும் மெத்தையும் வேகமாகப் பற்றும்.

'எதிலாவது கோளாறுன்னா உடனே சப்ளையை கட் பண்ணிடலாமே' என்றால், ஆபரேஷன் தியேட்டரிலும் ஐ.சி.யூ.விலும் அது முடியாது. வென்டிலேட்டர் நின்னுடும். அதனால அங்கே ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைப்பாங்க. முதல் எர்த் ஃபால்ட் வந்தாலும் சப்ளை நிற்காது. இன்சுலேஷன் 50 கிலோ ஓமுக்குக் கீழே இறங்குவதற்குள் மானிட்டர் அலாரம் கொடுக்கணும் என்பது ஐ.இ.சி. 60364-7-710 சொல்லும் விதி. அந்த அலாரத்தைக் கேட்டு ஆள் வரணும், அவ்வளவுதான். வரலைன்னா இரண்டாவது ஃபால்ட்டில் சப்ளையே போகலாம்.

ஃபைர் அலாரமும் இப்படித்தான். 2011 டிசம்பர் 9 அதிகாலை, கொல்கத்தா ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையின் பேஸ்மென்ட்டில் தீ. கார் நிறுத்த வேண்டிய இடத்தில் எரியக்கூடிய பொருட்களைக் குவித்திருந்தார்கள். இறந்த சுமார் 90 பேரில் பெரும்பாலானோர் மேல் மாடி நோயாளிகள். தீ அவர்களைத் தொடவில்லை, புகைதான் கொன்றது. ஏ.சி. டக்ட் வழியாகப் புகை ஏறியது, கண்ணாடிச் சுவர் அதை வெளியே விடவில்லை.

அலாரம்னா சைரன் மட்டும் இல்லை. ஏ.சி. புளோயரை நிறுத்தணும், டக்ட்டில் டேம்பரை மூடணும், லிஃப்ட்டைத் தரைத்தளத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தணும். திண்டுக்கல்லில் இறந்தவர்கள் லிஃப்டில் மயங்கிக் கிடந்ததாகவே செய்திகள் வந்தன.

நோயாளியால் படியிறங்கி ஓட முடியாது. அதனால் முதலில் அதே மாடியில், தீத்தடுப்புக் கதவுக்கு அந்தப்பக்கம் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போவாங்க. அந்தக் கதவு தானாக மூடணும். காற்றுக்காக அதுக்கு செங்கல் முட்டுக் கொடுத்திருந்தா மொத்தத் திட்டமும் காலி.

என்.ஓ.சி. என்பது இன்ஸ்பெக்‌ஷன் நடந்த அன்றைய நிலைமைக்கான சான்று. அதற்கப்புறம் சேர்ந்த ஏ.சி.யும் படுக்கையும் அதில் இருக்காது. யாரையாவது பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனா நாலு விஷயம் கவனிங்க: ஸ்மோக் டிடெக்டரில் பெயின்ட் அடிக்கும்போது போட்ட பிளாஸ்டிக் மூடி இன்னும் இருக்கா, அலாரம் பேனலில் மஞ்சள் ஃபால்ட் லைட் எரியுதா, அவசர வழிக் கதவு பூட்டியிருக்கா, ஏதாவது சாக்கெட் கருகிப் பழுப்பாகி இருக்கா. இருந்தா டியூட்டி நர்ஸிடமோ மெயின்டெனன்ஸ் ஆளிடமோ சொல்லிட்டு வாங்க. ஒரு ஸ்க்ரூவை டைட் பண்ண இரண்டு நிமிஷம் போதும்.