பிடித்த மீனை ஏன் திரும்ப விடுகிறார்கள்? அமெரிக்காவின் 'பாஸ்' தூண்டில் கதை!

மீன் பிடிக்கப் போனவர் வெறும் கூடையோடு வந்தால், "என்ன, இன்னிக்கு ஒண்ணும் மாட்டலையா?" என்றுதான் கேட்போம். அமெரிக்காவில் 'பாஸ்' மீனுக்குத் தூண்டில் போடுகிறவர்களிடம் இந்தக் கேள்வி செல்லாது. இருட்டோடு எழுந்து கிளம்புவார்கள். நாள் முழுக்க வெயிலில் காய்வார்கள். நாலைந்து மீன் பிடித்து, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஏரியிலேயே விட்டுவிட்டுச் சந்தோஷமாக வீடு திரும்புவார்கள்.

சாப்பிட இல்லையென்றால் எதற்கு இத்தனை மெனக்கெடல்? அந்தக் கதையைத்தான் பார்க்கப்போகிறோம்.

இது கொடுவா இல்லீங்க!

நம் ஊர் ஹோட்டல் மெனு கார்டில் 'சீ பாஸ்' என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் கொடுவா. இங்கே சொல்வது வேறு மீன். வட அமெரிக்காவின் ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும் நன்னீர் மீனான 'லார்ஜ்மவுத் பாஸ்'. பெயருக்கு ஏற்ற மாதிரி வாய் பெரியது. வாயின் ஓரம் கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும்.

குணத்தில் நம் விரால் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாசிக்குள்ளும், விழுந்த மரத்தடியிலும் அசையாமல் பதுங்கியிருக்கும். சின்ன மீனோ தவளையோ பக்கத்தில் வந்தால் ஒரே பாய்ச்சல்! முட்டையையும் குஞ்சுகளையும் ஆண் மீன் காவல் காக்கும். அந்த நேரத்தில் பசியில்லாவிட்டாலும், கூட்டுக்குப் பக்கத்தில் எது வந்தாலும் தாக்கும்.

இந்தக் கோபத்தையும் பாய்ச்சலையும் நம்பித்தான் 'லூர்' எனப்படும் போலி இரைகள் பிறந்தன.

சமையலறையில் பிறந்த புழு

பின்லாந்தைச் சேர்ந்த மீனவர் லவுரி ரபாலா ஒரு விஷயத்தைக் கவனித்தார். நூற்றுக்கணக்கான சின்ன மீன்கள் போனாலும், தள்ளாடி நீந்தும் நோஞ்சான் மீனைத்தான் பெரிய மீன் குறிவைக்கிறது. 1936-ல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிவரும் பளபளத் தாளை ஒட்டி, அதே மாதிரி தள்ளாடும் ஒரு போலி மீனைச் செய்தார். இன்று 'ரபாலா' உலகம் முழுக்கத் தெரிந்த பிராண்ட்.

அமெரிக்காவில் ஒஹாயோ மாகாணத்தின் ஏக்ரன் நகரில், நிக் கிரீம் என்பவர் 1949-ல் வீட்டுச் சமையலறை அடுப்பில் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் ஊற்றி, மெத்துமெத்தென்று ஒரு புழுவை உருவாக்கினார். முள்ளின் கூர்முனையை அந்தப் புழுவின் உடம்புக்குள்ளேயே மறைத்துவிட்டால் பாசியில் சிக்காது. பாஸ் ஒளிந்திருக்கும் இடத்துக்கே நேராகப் போகலாம். இந்த முறைக்கு 'டெக்சாஸ் ரிக்' என்று பெயர்.

இன்று தகடு சுழலும் 'ஸ்பின்னர்பெய்ட்', இழுத்தால் தண்ணீருக்குள் முங்கும் 'கிராங்க்பெய்ட்', மேலே தத்திப் போகும் ரப்பர் தவளை என்று பெட்டி பெட்டியாக வைத்திருக்கிறார்கள். கலங்கிய தண்ணீரா, தெளிந்த தண்ணீரா, வெயிலா, மேகமா என்று பார்த்து நிறத்தை மாற்றுவார்கள். மீன் எங்கே இருக்கும், எந்த மனநிலையில் இருக்கும் என்று ஊகிப்பதுதான் விளையாட்டே. ஊகம் பலித்து நரம்பு 'விர்'ரென்று இழுபடும் அந்த நொடியில் ஆட்டம் ஜெயித்தாகிவிட்டது!

ஒரு விவசாயியின் சாதனை

1932, ஜூன் 2. அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணம். பொருளாதாரப் பெருமந்தக் காலம். 20 வயது விவசாயி ஜார்ஜ் பெர்ரி, தன் நண்பருடன் மான்ட்கோமரி ஏரிக்குப் போனார். இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு தூண்டில்தான், மாறி மாறி வீசினார்கள் என்கிறார்கள்.

பெர்ரியின் முறையில் மாட்டியது ஒரு ராட்சத பாஸ். எடை 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது சுமார் 10 கிலோ! ஒரு பத்திரிகைப் போட்டியில் அது அவருக்கு 75 டாலர் மதிப்புள்ள பொருள்களைப் பரிசாக வாங்கிக் கொடுத்தது. மீன் என்ன ஆனது? சமைத்துச் சாப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் அந்தக் குடும்பத்துக்கு அது சாப்பாடு.

அந்தச் சாதனையை 77 ஆண்டுகள் யாரும் எட்டவில்லை. 2009, ஜூலை 2-ம் தேதி ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா என்பவர் அதைவிட ஒரு அவுன்ஸுக்கும் சற்றுக் குறைவான அளவே கூடுதலான மீனைப் பிடித்தார். ஆனால், பழைய சாதனையை முறியடிக்க 2 அவுன்ஸாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. எனவே, இன்று வரை உலக சாதனை இருவருக்கும் சமம்!

கொல்லாதே... விட்டுவிடு!

பிடித்ததை விடும் பழக்கம் எப்போது வந்தது? இன்சூரன்ஸ் ஏஜென்ட்டாக இருந்த ரே ஸ்காட், 1967-ல் ஆர்கன்சாஸ் மாகாணத்தின் பீவர் ஏரியில் பெரிய பாஸ் போட்டி ஒன்றை நடத்தினார். 106 பேர் ஆளுக்கு 100 டாலர் கட்டிக் கலந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டே 'பாஸ்' தூண்டில்காரர்களுக்கான அமைப்பையும் தொடங்கினார்.

போட்டிகள் பெருகப் பெருக, செத்த மீன்களும் குவிந்தன. இப்படியே போனால் ஏரியில் என்ன மிஞ்சும்? 1972-ல், 'பிடித்ததைக் கொல்லாதே' என்ற பிரசாரத்தை ஸ்காட் ஆரம்பித்தார். படகிலேயே காற்றோட்டமுள்ள தண்ணீர்த் தொட்டி வந்தது. மீனை உயிரோடு கொண்டுவந்து, எடை போட்டு, திரும்ப விட வேண்டும். செத்த மீனைக் கொண்டுவந்தால் மதிப்பெண்ணில் வெட்டு! இன்று நீங்கள் விட்ட மீன், நாளை இன்னொருவர் தூண்டிலில் இன்னும் பெரிதாக வரும். ஏரி எல்லோருக்கும் பொது என்பதைச் சட்டம் போடாமலே அது புரியவைத்தது.

ஒரே படகில் இரண்டு பேர்

பல போட்டிகளில் முன்பின் தெரியாத இருவரை ஒரே படகில் அனுப்புவார்கள். எட்டு மணி நேரம் நடுஏரியில். ஒருவர் மீனை இழுக்க, மற்றவர் வலையை நீட்டுவார். தனக்கு மீன் கடிக்காத நாளில், 'இந்தா, என் புழுவைப் போட்டுப் பாரு' என்று பக்கத்தில் இருப்பவர் நீட்டும் லூர்தான் பல நட்புகளுக்குப் பிள்ளையார் சுழி.

பள்ளிகளிலும் இது பரவிவிட்டது. இல்லினாய்ஸ் மாகாணம் 2009-லேயே இதைப் பள்ளிகளுக்கு இடையிலான அதிகாரபூர்வ போட்டியாக்கியது. படகை ஓட்டுவது அப்பாவோ, மாமாவோ. தூண்டில் போடுவது பிள்ளைகள். செல்போனைக் கீழே வைத்துவிட்டு, ஒரு நாள் முழுக்க அப்பாவும் பிள்ளையும் ஒரே படகில் இருப்பதே பெரிய பரிசுதானே?

நடு ஏரியில் அம்பயர் கிடையாது. அதனால் நம்பிக்கைதான் இங்கே முதல். பெரிய போட்டிகளில் சந்தேகம் வந்தால் பொய் கண்டறியும் சோதனைகூட உண்டு. 2022-ல் ஏரி ஈரியில் நடந்த 'வால்ஐ' மீன் போட்டி ஒன்றில், மீன்களின் வயிற்றில் ஈயக் குண்டுகளைத் திணித்து எடை காட்டிய இருவர் எல்லோர் முன்னிலையிலும் மாட்டினார்கள். விஷயம் கோர்ட் வரை போய், ஜெயில் தண்டனையும் கிடைத்தது.

விடக் கூடாத இடமும் உண்டு!

இப்போது கதையில் ஒரு திருப்பம். உலக சாதனை மீன் கிடைத்த அதே பிவா ஏரியில், பிடித்த பாஸை மறுபடி தண்ணீரில் விடுவதற்குத் தடை இருக்கிறது!

காரணம், பாஸ் ஜப்பானின் சொந்த மீன் இல்லை. 1925-ல் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து ஆஷி ஏரியில் விட்டார்கள். அங்கிருந்து நாடு முழுக்கப் பரவி, உள்ளூர் மீன்களை விழுங்க ஆரம்பித்தது. பிவா ஏரி மீனவர்களின் பிழைப்பிலும் கைவைத்தது. அதனால் அந்த ஏரி இருக்கும் ஷிகா மாகாணம் 2003 முதல் இந்தத் தடையைக் கொண்டுவந்தது. பிடித்த மீனைப் போடுவதற்கென்றே கரையில் பெட்டிகளும் வைத்திருக்கிறார்கள்.

நம் குளத்தில் ஆப்பிரிக்கக் கெளுத்தி புகுந்தால் என்ன நடக்குமோ, அதேதான் அங்கே நடந்தது. அமெரிக்க ஏரியில் மீனை விடுவது ஏரிக்குச் செய்யும் நல்லது. பிவாவில் விடாமல் இருப்பதுதான் நல்லது. மீனைப் பிடிக்கக் கற்றுக்கொள்வதோடு, அது எந்தத் தண்ணீரைச் சேர்ந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீங்களும் தூண்டில் போடுகிறவரா?

பிடித்த மீனைத் திரும்ப விடுவதாக இருந்தால், இதையெல்லாம் கவனியுங்கள்...

* கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். உலர்ந்த கை, மீனின் வழவழப்பான பாதுகாப்புப் பூச்சை உரித்துவிடும்.
* பெரிய மீனைத் தாடையை மட்டும் பிடித்துத் தொங்கவிடாதீர்கள். வயிற்றுக்கு அடியிலும் கைகொடுங்கள்.
* செல்ஃபியை முதலிலேயே ரெடி பண்ணிக்கொள்ளுங்கள். மீன் வெளியே இருக்கும் ஒவ்வொரு நொடியும் அதற்கு மூச்சுத்திணறல்.
* தூக்கி எறியாதீர்கள். தண்ணீருக்குள் இறக்கி, அதுவாக நீந்திப் போகும் வரை பிடித்திருங்கள்.
* அறுந்த நரம்பைக் கரையில் போட்டுவிட்டு வராதீர்கள். கொக்கு, நாரைகளின் காலில் சுற்றினால் அவற்றின் உயிருக்கே ஆபத்து.

இரவல் லூர் ஏதாவது பெட்டியில் இருக்கிறதா? அடுத்த முறை ஏரிக்குப் போகும்போது மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்!