பழைய கார் ஆயில் குடிக்குதா? விற்க அவசரப்படாதீங்க... முதல்ல கம்பியை எடுத்துப் பாருங்க!

வீராம்பட்டினம்:
வீராம்பட்டினம் என்றதும் செங்கழுநீர் அம்மன் தேர்தான் ஞாபகத்துக்கு வரும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்த தேர். ஆடி மாசம் ஒருநாள் ஓடுகிற தேருக்கே சக்கரம், அச்சு எல்லாம் முன்கூட்டி பார்த்து வைக்கிறோம். ஆனால் தினமும் சோறு போடுகிற காரின் பானெட்டை எத்தனை பேர் திறந்து பார்க்கிறோம்?

மாருதி 800, அம்பாசிடர் இரண்டுமே 2014-ல் தயாரிப்பு நின்று போன வண்டிகள். ஆம்னி 2019-ல் நின்றது. ஆனாலும் லட்சம் கிலோ மீட்டரைத் தாண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கார்கள் ஏராளம். இவற்றில் பல, ஆயில் குடிக்கும். அது பெரிய குற்றம் இல்லை. கவனிக்காமல் விடுவதுதான் ஆபத்து!

எவ்வளவு குடிக்கலாம்?

என்ஜினுக்குள் பிஸ்டன் ரிங் தேய்ந்தால், ஆயில் மேலே ஏறி பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துவிடும். பழைய வண்டியில் 1,000 கி.மீ.க்கு கால் லிட்டர், அரை லிட்டர் குறைந்தால் பதற வேண்டாம். ஊற்றி ஊற்றி ஓட்டலாம். 1 லிட்டரைத் தாண்டினால் மெக்கானிக்கிடம் காட்டியே ஆகணும்.

கணக்கு போட்டுப் பாருங்க. லிட்டர் 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அரை லிட்டருக்கு 200 ரூபாய். அதை ஊற்றாமல் விட்டு என்ஜின் சீஸ் ஆனால், செலவு பல ஆயிரங்களில் போய் நிற்கும்!

வாரம் ஒரு நாள், 2 நிமிஷம்

காரை சமதளத்தில் நிறுத்துங்க. என்ஜினை ஆப் செய்து 10 நிமிஷம் விடுங்க. ஆயில் கம்பியை உருவி, துணியால் துடைத்து, மறுபடி முழுசாக உள்ளே விட்டு எடுத்துப் பாருங்க. இரண்டு கோட்டுக்கு நடுவில் ஆயில் இருக்கணும். கீழ்க் கோட்டை நெருங்கினால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்க. மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. அதிகமானால் நுரை கட்டும், சீல் வழியாகக் கசியும். எத்தனை கி.மீ.யில் எவ்வளவு ஊற்றினோம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்க.

டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் லைட் எரிந்தால் பார்த்துக்கலாம் என்று இருந்துவிடாதீங்க. அது எரியும்போது நிலைமை கை மீறும் கட்டத்தில் இருக்கும். உடனே ஓரம் கட்டி என்ஜினை நிறுத்துங்க.

புகையே காட்டிக்கொடுக்கும்

* காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்து, பிறகு நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல் கோளாறு. என்ஜினை முழுசாக இறக்காமலே மாற்றிவிடலாம்.

* ஓடும்போதும் நீலப் புகை விடாமல் வந்தால் ரிங், போர் தேய்ந்திருக்கலாம். கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடும்.

* புகையே இல்லை, ஆயில் மட்டும் குறைகிறதா? ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டையைப் போட்டு வையுங்க. காலையில் கறை இருந்தால் கசிவு. கடலோர ஊர்களில் உப்புக் காற்று பட்டு ஆயில் சம்ப் துருப்பிடித்து ஓட்டை விழவும் வாய்ப்பு உண்டு.

என்ஜினை இறக்கணும் என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீங்க. என்ஜின் காற்றை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்தாலும் ஆயில் குறையும். சின்ன பார்ட்தான். முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்க.

என்ன ஆயில்?

வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும் கிரேடுதான் சரி. நம்ம ஊர் வெயிலில் ஓடும் பழைய பெட்ரோல் என்ஜின்களுக்கு, புத்தகம் அனுமதித்தால் 20W-50 போன்ற கெட்டியான ஆயில் குடிப்பதைக் கொஞ்சம் குறைக்கும். புது கார்களுக்கான தண்ணி மாதிரி ஆயில் இதற்கு சரிப்படாது. டாப்-அப் செய்கிறோமே என்று ஆயில் சர்வீசைத் தள்ளிப் போடவும் கூடாது. அழுக்கு உள்ளேயேதான் இருக்கும்.

கழற்றிய கறுப்பு ஆயிலை வாய்க்காலில் கொட்டிவிடாதீங்க. அது கடைசியில் போய்ச் சேருவது நாம வலை போடுகிற கடலில்தான். கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்க.

நாளைக்குக் காலையில் சாவியைப் போடும் முன் ஒரு தடவை கம்பியை உருவிப் பாருங்க. வண்டி ஓடினால்தானே நம்ம பொழப்பும் ஓடும்!