கறிவேப்பிலைக்கு செல்ஃப்-வோட்டரிங் சாடி வாங்கலாமா?

இந்தக் கிழமை பற்றரி இல்லாத, ஆப் இல்லாத, வைஃபை கேட்காத ஒரு டெக்னோலஜியைப் பார்ப்போம்: தானாகத் தண்ணி குடுக்கும் பூச்சாடி. லண்டனில் எங்கட வீடுகளில் ஜன்னலோரம் நிற்பது பெரும்பாலும் கறிவேப்பிலைதான். ஓகஸ்டில் நாலு கிழமை யாழ்ப்பாணமோ சென்னையோ போய் வந்தால் அது உயிரோடு இருக்குமா? இந்தப் பயத்தில்தான் பலர் இந்தச் சாடியைத் தேடுகிறார்கள். ஆனால் அதே சாடி டிசம்பரில் அந்தச் செடியைக் கொல்லவும் கூடும். ஏன் என்று பார்ப்போம்.

சாடிக்கு ரெண்டு தட்டு. மேலே மண், கீழே தண்ணித் தொட்டி. ரெண்டையும் இணைப்பது ஒரு திரி, அல்லது தொட்டிக்குள் இறங்கும் மண் நிரம்பிய ஒரு சின்னக் ‘கால்’. கிச்சன் டிஷ்யூவின் நுனியை மட்டும் நனைத்தாலும் ஈரம் மேலே ஏறும் இல்லையா? அதேதான். இதன் பெயர் நுண்புழை ஏற்றம். செடி குடித்த அளவுக்குக் கீழிருந்து தண்ணி ஏறும்.

யோசனை பழசு. மெருகு பூசாத மண்பானையைச் செடிக்குப் பக்கத்தில் கழுத்துவரை புதைத்து நீர் நிரப்புவதை இந்தியாவில் பானைப் பாசனம் என்பார்கள். சீனாவில் கி.மு. 1ஆம் நூற்றாண்டு வேளாண் நூல் ஒன்றிலேயே இந்த முறை இருக்கிறது. மண் காய்ந்தால் பானை கசியும். ஈரமானால் கசிவு குறையும். ஆனால் தோட்டத்தில் மிச்ச ஈரம் நிலத்துக்குள் இறங்கிவிடும். பிளாஸ்ரிக் சாடியில் அதற்குப் போக இடமில்லை. சாடிக்கு மண்ணை ஈரமாக வைத்திருக்கத்தான் தெரியும், காயவிடத் தெரியாது.

லண்டனில் ஜூன் மாதப் பகல் 16 மணித்தியாலத்துக்கு மேல். டிசம்பரில் 8 மணித்தியாலம்கூட இல்லை. வெளிச்சம் குறைந்தால் கறிவேப்பிலை வளர்வதை ஏறக்குறைய நிறுத்திவிடும், தண்ணியும் குடிக்காது. தொட்டி நிறைந்தே இருந்தால் வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகும். இலை மஞ்சளாகிக் கொட்டும். தண்ணி போதவில்லையாக்கும் என்று நினைத்து இன்னும் ஊத்துவோம். அதோடு கதை முடிந்தது.

ஆகவே வாங்கும்போது நான் பார்ப்பது நாலு விசயம்:

1. தொட்டியைக் கழற்றி வெறுமையாக்க முடியுமா? முடியாவிட்டால் கறிவேப்பிலைக்கு வேண்டாம்.
2. நீர்மட்டம் காட்டும் மிதவை, அல்லது உள்ளே தெரியும் தொட்டி இருக்கிறதா?
3. கூடுதலாக ஊத்தினால் வழிந்தோட ஓட்டை இருக்கிறதா?
4. திரி நைலோன் மாதிரி உக்காத நூலா? பருத்தி நாளடைவில் உக்கிவிடும்.

பெரிய பிராண்டுதான் வேணும் என்றில்லை. பிளேமொபில் பொம்மை செய்யும் ஜெர்மன் நிறுவனத்தின் லெச்சூசா சாடியிலும் அடிப்படை இதே தத்துவம்தான். வீட்டில் வெறும் தயிர் வாளியும் நைலோன் கயிறும் இருந்தால் நீங்களே செய்யலாம்.

இனிப் பாவிக்கும் விதம். புதுசாக நட்ட செடிக்கு முதல் சில கிழமை மேலிருந்தே தண்ணி விடுங்கள்; வேர் கீழே இறங்க வேணும். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை தொட்டியை நிரப்பலாம், ஆனால் வெறுமையாகி ரெண்டு மூன்று நாள் கழித்து. ஒக்டோபரில் தொட்டியைக் காலியாக்கி, விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்து மேலிருந்து கொஞ்சமாக ஊத்துங்கள்.

லண்டன் தண்ணியில் சுண்ணாம்பு அதிகம். கெற்றிலில் படியும் அதே வெள்ளைதான் சாடியின் மண்ணிலும் படியும், ஏனென்றால் தண்ணி மேலே ஏறி ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கும். மாதம் ஒருமுறை தொட்டியைக் கழற்றி, மேலிருந்து நிறைய ஊத்திக் கழுவி வடியவிடுங்கள். மழைத்தண்ணி பிடிக்க முடிந்தால் இன்னும் நல்லது.

பயணத்துக்கு முதல் ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு லீற்றர் 10 நாளில் முடிந்தால், 28 நாளுக்கு 2.8 லீற்றர் வேணும். தொட்டி அவ்வளவு கொள்ளாவிட்டால், செடியை நேர் வெயிலில் இருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள், குறைவாகக் குடிக்கும். அதுவும் போதாவிட்டால் பக்கத்து வீட்டு அன்ரியிடம் திறப்பைக் குடுத்துவிட்டுப் போங்கள்.