ஊதுபத்திச் சோதனை போதாது

காற்று மாசு காட்டும் சிறு கருவியை வாங்கியவர்கள் முதல் வேலையாக ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அதன் பக்கத்தில் நீட்டுவார்கள். எண் கிடுகிடுவென ஏறும். 'நல்லா வேலை செய்யுது' என்று தீர்ப்பும் வந்துவிடும். அடுப்படியில் தாளித்தாலும் அது ஏறத்தான் செய்யும். புகை இருப்பதை மூக்கே சொல்லிவிடுகிறது. எவ்வளவு என்று தெரிந்துகொள்ளத்தானே காசு கொடுத்தோம்?

இந்தக் கருவிகள் பலவற்றின் உள்ளே ஏறத்தாழ ஒரு தீப்பெட்டி அளவுக்கு ஒரு சென்சார் இருக்கும். பிளான்டவர் பிஎம்எஸ்5003 அவற்றில் பெயர்பெற்றது. குட்டி விசிறி காற்றை உள்ளே இழுக்க, குறுக்கே லேசர் பாயும். தூசியில் பட்டுச் சிதறும் ஒளியை ஓர் ஒளி உணரி பிடிக்கும். அந்தச் சிதறலை வைத்து, ஒரு கன மீட்டர் காற்றில் 2.5 மைக்ரானும் அதற்குக் குறைந்ததுமான துகள்கள் எத்தனை மைக்ரோகிராம் என்று கணக்குப் போட்டுக் காட்டும். எதையும் அது நிறுத்துப் பார்ப்பதில்லை. எடை என்று சொல்வதெல்லாம் ஊகம்.

கண்காணிப்பு நிலையங்களில் உள்ள பீட்டா கதிர்க் கருவி வேறு வழியில் போகிறது. தூசியை ஒரு நாடாவில் படியவிட்டு, அது பீட்டா கதிரை எவ்வளவு தடுக்கிறது என்று பார்த்து எடையைக் கணிக்கும். உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி ஈரத்தையும் போக்கிவிடும். மலிவுக் கருவியில் அந்த ஏற்பாடு பெரும்பாலும் கிடையாது; வம்பே அங்கேதான். ஈரம் கூடினால் சில துகள்கள் நீரை உறிஞ்சி ஊதிப்போய், ஒளியைக் கூடுதலாகச் சிதறடிக்கும். மார்கழி விடியலில் பனித்துளியும் மாசுக் கணக்கில் சேர்ந்துவிடலாம். மண் புழுதியிலோ கதை தலைகீழ். பெரிய துகள்களைக் குறைத்துச் சொல்லும்.

ஆகவே முறையான சோதனை என்பது பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. கலிபோர்னியாவின் தென்கடலோரக் காற்றுத்தர நிர்வாகம் 2014இல் தொடங்கிய 'ஏக்யூ-ஸ்பெக்' திட்டத்தில், ஒரே மாடலில் மூன்று கருவிகளைக் கண்காணிப்பு நிலையக் கருவியோடு சேர்த்து வைப்பார்கள். மூன்றும் தங்களுக்குள் ஒத்துப்போகின்றனவா, நிலையக் கருவியோடு சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்பது முதல் கட்டம். தேறியவற்றை ஆய்வகக் கூண்டில் வைத்து வெப்பத்தையும் ஈரத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள்.

சேர்ந்து ஏறி இறங்கினால் மட்டும் எண் சரியென்று ஆகாது. விளம்பரங்கள் இதைத்தான் குழப்பிவிடுகின்றன. எப்போதும் இரண்டு மடங்கு காட்டும் கருவியோடு சமாளிக்கலாம், பாதியாக்கினால் தீர்ந்தது. இன்று கூட்டியும் நாளை குறைத்தும் சொல்வதைத்தான் ஒன்றும் செய்ய முடியாது.

பிளான்டவர் சென்சார் உள்ள பர்ப்பிள்ஏர் கருவிக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர்கள் 2021இல் ஒரு திருத்தம் வெளியிட்டார்கள். கருவியின் எண்ணை 0.524ஆல் பெருக்கி, ஈரப்பத சதவீதத்தை 0.0862ஆல் பெருக்கிக் கழித்து, 5.75 கூட்ட வேண்டும். ஈரப்பதம் 50% இருக்கையில் கருவி 100 என்றால், திருத்திய எண் 54தான்! ஆனால் அது அமெரிக்கக் காற்றுக்குப் பொருத்திய கணக்கு. சென்னையின் போகிப் புகைக்கும் கடற்காற்று ஈரத்துக்கும் அதை அப்படியே போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. இங்கே இந்தக் காற்றில் வைத்துப் பார்த்துத்தான் வாய்ப்பாடு எழுத வேண்டும்.

தேறிய கருவியும் நாளடைவில் தடம் புரளும். உள்ளே தூசி படியும், விசிறி தளரும். அதற்காகவே பர்ப்பிள்ஏரின் வெளிப்புறக் கருவியில் இரண்டு சென்சார்களை வைக்கிறார்கள். இரண்டும் முரண்பட்டால் அந்த அளவைத் தள்ளிவிடலாம். இரண்டும் ஒரே மாதிரி அழுக்கேறினால் அந்த உபாயமும் பலிக்காது. அப்போது மறுபடியும் நிலையக் கருவியின் பக்கத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டியதுதான்.