வைரம் எங்கே இருக்கிறது?

யாழ்ப்பாணத்தில் பழைய நாற்சார் வீடொன்றின் கூரையைப் பிரித்தால் ஓடுகளைக் கவனமாக அடுக்கி வைப்பார்கள். தீராந்தியும் கைமரமும் சிலாகையும் முற்றத்தின் மூலையில் குவிந்து கிடக்கும். ஓட்டுக்கு விலை உண்டு, மரம் விறகாகிவிடும். எங்கள் வளவில் அப்படிக் குவிந்ததிலிருந்து நான் ஒரு கட்டில் செய்தேன். மரத்துக்குக் காசு செலவாகவில்லை. ஆணி, போல்ட்டு, உப்புத்தாள், ஒரு தகரம் வார்னிஷ் ஆகியவற்றுக்குத்தான் செலவு.

அந்தக் குவியலில் இரண்டு மரங்கள் இருந்தன: பனையும் வேம்பும். பனைத் துண்டொன்றின் வெட்டுமுகத்தை ஈரத்துணியால் துடைத்தேன். எள்ளைத் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள். பட்டையோரமாக இருந்த பக்கத்தில் நெருங்கி, ஊசி நுழைய இடமில்லாமல். உள்பக்கம் போகப் போக ஐதாகி, வெளிறிய சோற்றிக்குள் தனித்தனியாக. வேம்பில் இதற்கு நேர்மாறு. நடுவே செம்மை படர்ந்த வைரம், சுற்றிலும் வெளிறு.

இந்த வேறுபாட்டைத் தொல்காப்பியத்தின் மரபியல் பதிவு செய்திருக்கிறது. வெளியே காழ், அதாவது வைரம், உள்ளவை புல், உள்ளே காழ் உள்ளவை மரம் என்பது அதன் வகைப்பாடு. பனையும் தென்னையும் மூங்கிலும் அந்தக் கணக்கில் புல். இன்றைய தாவரவியலும் பனையை நெல்லோடும் புல்லோடும் சேர்த்து ஒருவித்திலைத் தாவரம் என்றே சொல்கிறது. நுணுக்குக்காட்டி இல்லாத காலத்தில், வெட்டுமுகத்தை மட்டும் பார்த்து இதைக் கண்டவர்களை நினைத்தால் எனக்கு மெய்சிலிர்க்கிறது. நம் பாடப்புத்தகங்கள் நீரைக் கடத்தும் இழையத்துக்குக் ‘காழ்’ என்றே பெயர் வைத்திருப்பதும் அழகுதான்.

வைரம் பனையில் வெளியேயும் வேம்பில் உள்ளேயும் இருக்கக் காரணம் இதுதான். வேம்பின் பட்டைக்கு அடியில் மாறிழையம் என்ற மெல்லிய படை உண்டு. அது ஆண்டாண்டாக உள்பக்கம் புது மரத்தை அடுக்கும். பழைய மரம் நடுவில் அகப்பட்டு, அதன் உயிரணுக்கள் இறந்து, பூச்சிக்குப் பிடிக்காத பொருள்கள் ஊறி வைரமாகும். வெளிறில் மாச்சத்து மிஞ்சியிருப்பதால் உளுக்கும் வண்டு அங்கேதான் முதலில் துளைக்கும். பனைக்கு மாறிழையமே இல்லை, ஆண்டுதோறும் பருக்காது. கறுப்புப் புள்ளி ஒவ்வொன்றும் நீரும் உணவும் போகிற ஒரு கலன்கட்டு, அதைச் சுற்றி நார்க்கவசம். வயது ஏற ஏற அந்த நாரின் சுவர்கள் தடிக்கும். அதனால்தான் முற்றிய பனையின் அடிப்பாகத்துக்கு இத்தனை மதிப்பு.

சோளகக் காற்றில் பனை வளையும்போது ஒரு பக்கம் இழுபடும், எதிர்ப்பக்கம் நசுங்கும், நடுப்பகுதியில் சுமை மிகக் குறைவு. பலம் எங்கே வேண்டுமோ அங்கேதான் பனை வைரத்தை வைத்திருக்கிறது.

கட்டிலின் நீளச்சட்டத்துக்கும் இதே கணக்குத்தான். 4 அங்குல அகலமும் 1 அங்குலத் தடிப்பும் உள்ள பலகையைப் படுக்கவைத்தால் முதுகு வளையும். அதையே நிமிர்த்தி வைத்தால் வளைவுக்கு 16 மடங்கு எதிர்த்து நிற்கும். விறைப்பு அகலத்தோடு நேராகவும் உயரத்தின் மும்மடியாகவும் கூடுவதால் இப்படி. தடித்த மரம் வாங்க வசதியில்லாதவர் மெல்லிய மரத்தை நிமிர்த்தி வைத்தால் போதும். நடுவில் ஒரு குறுக்குச்சட்டமும் அதற்கொரு காலும் கொடுத்தால், ஒவ்வொரு பாதியின் நடுவிலும் சுமை விழும்போது வளைவு ஏறத்தாழ எட்டில் ஒன்றாகக் குறையும்.

நீளச்சட்டத்துக்குப் பனையை எடுத்தேன், சோற்றியை முழுதாகச் சீவி எறிந்துவிட்டு. காலுக்கும் தலைமாட்டுக்கும் வேம்பு. பனையில் உளி வைத்துத் துளை எடுக்கப் பார்த்தால் நார் நாராகப் பிய்ந்துவிடும். சிலாம்பு ஏறினால் இரண்டு நாள் வலிக்கும். அதனால் பனைக்கு முதலில் துளைகருவியால் ஓட்டை போட்டுப் போல்ட்டுப் பூட்டினேன். வேம்போடு வேம்பு சேரும் இடங்களில் மட்டும் துளையும் கழுந்தும். பழைய மரத்தில் சீவுளி வைக்கமுன் காந்தத்தைத் தடவிப் பாருங்கள். உள்ளே முறிந்து கிடக்கும் ஒரு துருப்பிடித்த ஆணி அலகைக் கெடுத்துவிடும்.

பழைய மரத்தை நான் விரும்புவது மலிவுக்காக மட்டுமல்ல. பச்சை மரம் காயும்போது நீளவாக்கில் சுருங்குவது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். குறுக்கே சுருங்குவதோ நூற்றில் பல பங்கு. மரநாரின் சுவரிலுள்ள நுண்ணிழைகள் பெரும்பாலும் நீளவாக்கில் கிடப்பதால் அவற்றிடையே புகும் நீர் அவற்றைப் பக்கவாட்டில்தான் விலக்கும். பச்சை மரத்தில் செய்த கட்டில் மாரி முடிந்து வெயில் ஏறியதும் கழுந்து சுருங்கிக் கிரீச்சிடத் தொடங்குவது இதனால்தான். பல பத்தாண்டுகள் ஓட்டின் கீழ் வெந்த மரம் அந்தப் பெரிய சுருக்கத்தை எப்போதோ முடித்துவிட்டது. மழைக்காலத்தில் சற்றுப் பருத்துக் கோடையில் மெலிவது அதற்கும் உண்டு. ஆகவே மெத்தை தாங்கும் குறுக்குச் சிலாகைகளை ஒட்டி அடிக்காமல் இரண்டு விரல் இடைவெளி விட்டேன். காற்றும் போய்வரும்.

சட்டம் மூலைமட்டமா என்று பார்க்க இரண்டு மூலைவிட்டங்களையும் கயிற்றால் அளந்தாலே போதும். 6 அடிக்கு 4 அடி என்றால் இரண்டும் 7 அடி 2½ அங்குலம் வரவேண்டும்.

பழைய கூரை மரத்தைத் தேட இன்னொரு காரணமும் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பனைமரம் கப்பலேறிப் போனது. போர்க்காலத்தில் எண்ணற்ற பனைகள் பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்டன. இன்று நிற்கிற பனையைத் தறிக்க அனுமதி பெற வேண்டும்; அது சரியான சட்டம். முற்றிய பனை நமக்கு இனிப் பெரும்பாலும் பழைய கூரைகளில்தான் கிடைக்கும்.

உங்கள் வீட்டுக் கூரை பிரிகிறதென்றால், விறகுக்குக் கொடுக்கமுன் ஈரத்துணியால் வெட்டுமுகங்களைத் துடைத்துப் பாருங்கள். புள்ளிகள் நெருங்கியிருக்கும் துண்டுகளில் ஆறரை அடிக்குக் குறையாதவற்றை எடுத்து, கறையான் ஏறாதபடி கல்லின்மேல் அடுக்கி வையுங்கள். ஒரு கட்டிலின் நீளச்சட்டங்களுக்கு அப்படி இரண்டு துண்டு போதும்.