இருபத்துநான்கு கதவுகளும் ஒரு பொம்மையும்

நவம்பர் பிறந்துவிட்டால் ஐரோப்பிய, அமெரிக்கப் பொம்மைக் கடைகளில் தட்டையான பெரிய அட்டைப்பெட்டிகள் வந்து குவியும். முகப்பில் 1 முதல் 24 வரை எண் போட்ட சிறு கதவுகள். டிசம்பர் முதல் தேதி ஒன்றாம் கதவு, மறுநாள் அடுத்தது, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கடைசிக் கதவு. உள்ளே சாக்லேட் வைத்தவை உண்டு, தேயிலை வைத்தவை உண்டு. இங்கே நாம் பிரித்துப் பார்க்கப்போவது பார்பி போன்ற ஃபேஷன் பொம்மை ஒன்றும், அதற்கான உடை, செருப்பு, கைப்பை ஆகியவையும் நாளுக்கு ஒன்றாக வெளிவரும் பெட்டியை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காம் ஞாயிறில் தொடங்கும் திருவருகைக் காலத்தை நாள் எண்ணிக் கழிக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் குடும்பங்களில் உருவானது. கதவில் சாக்குக் கட்டியால் 24 கோடு போட்டு, குழந்தைகள் தினம் ஒன்றை அழிப்பார்கள். மியூனிக் நகரின் அச்சகக்காரர் கெர்ஹார்ட் லாங் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை அச்சிட்ட காலண்டர் ஆக்கினார். திறக்கும் கதவுகள் பிறகு வந்தன. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் 1946இல் ஸ்டுட்கார்ட்டில் ரிச்சர்ட் செல்மர் இந்தத் தொழிலுக்கு மறுபடி உயிர் கொடுத்தார். பிரிட்டனில் கேட்பரி நிறுவனம் சாக்லேட் வைத்த காலண்டரை 1971இல் விற்றது.

பொம்மையின் பூர்விகமும் ஜெர்மனிதான் என்பது வேடிக்கை. 'பில்ட்' நாளிதழின் கேலிச்சித்திரப் பாத்திரமான லில்லி, 1955இல் பொம்மையாக வந்தாள். பெரியவர்கள் வாங்கிய அந்தப் பொம்மையைப் பயணத்தின்போது பார்த்தவர் மட்டேல் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான ரூத் ஹேண்ட்லர். 1959 மார்ச் 9 அன்று நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் பார்பி அறிமுகமானது. உயரம் பதினொன்றரை அங்குலம், ஏறத்தாழ மனித அளவில் ஆறில் ஒரு பங்கு. இன்றைய ஃபேஷன் பொம்மைகள் பலவும் இந்த அளவையே ஒட்டி நிற்கின்றன.

பெட்டியைத் திறப்போம். பொம்மை பெரும்பாலும் பக்கத்தில் வெட்டிய ஒரு சாளரத்தில் வெளியே தெரியும்படி நிற்கும், அல்லது பெரிய கதவு ஒன்றின் பின்னால் இருக்கும். மற்ற கதவுகளில் கவனமாக எண்ண வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. '24 பரிசுகள்' என்று அட்டையில் இருந்தால் 24 உடைகள் என்று பொருளல்ல. ஒரு ஜோடி செருப்புக்கு ஒரு கதவு, கறுப்புக் கண்ணாடிக்கு ஒன்று, பிளாஸ்டிக் கோப்பைக்கு ஒன்று, ஒட்டுப்படத் தாளுக்கும் ஒன்று போய்விடும். துணியால் தைத்த பொருள் எத்தனை என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். ஐந்தாறு தேறினால் தாராளமான பெட்டி என்பேன். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் துணுக்கு மலிவாக முடிகிற வேலை. ஆறில் ஒரு பங்கு அளவில் ஒரு சட்டைக்குக் கை தைப்பது அப்படியல்ல.

துணியும் துணுக்கும் பின்னாளில் தனியாக வாங்கிக்கொள்ளலாம். மாற்ற முடியாதவை தலை, முடி, மூட்டு. ஆகவே தரம் பார்க்க வேண்டியது அங்கேதான்.

தலையிலிருந்து தொடங்கலாம். பொம்மையின் உடலும் தலையும் வெவ்வேறு பிளாஸ்டிக், வெவ்வேறு முறையில் செய்தவை. மார்பும் இடுப்பும் பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற கடின பிளாஸ்டிக். உருக்கி, இரண்டு பாதியாகப் பிளக்கும் அச்சுக்குள் அழுத்தத்தில் செலுத்துவார்கள். அதனால்தான் விலா ஓரத்தில் ஒரு மெல்லிய இணைப்புக் கோடு தெரிகிறது. தலை அப்படியல்ல, மென்மையான பிவிசி. பிவிசி தூளை மென்மையூட்டும் எண்ணெய் போன்ற திரவத்தில் கலந்து தோசை மாவு பதத்தில் வைத்துக்கொண்டு, உள்ளே முகம் செதுக்கிய உலோக அச்சில் ஊற்றி மூடி, சூட்டடுப்பில் இரண்டு திசைகளில் சுழற்றுகிறார்கள். கலவை சுவரெங்கும் ஒரே கனத்தில் படிந்து இறுகுகிறது, நடுவில் காலி. இன்னும் சூடாக இருக்கும்போதே கழுத்துத் துளை வழியாகக் குறடால் பிடித்து இழுத்தால், முழுத் தலையும் நசுங்கி வெளியே வந்து மறுபடி தன் வடிவத்துக்குத் திரும்பும். அச்சைப் பிளக்கவே தேவையில்லை, ஆகவே முகத்தில் இணைப்புக் கோடும் இல்லை. இந்த வேலையில் மூக்கும் உதடும் கூர்மையாக வந்திருக்கின்றனவா என்று பக்கவாட்டில் பார்த்தால் தெரிந்துவிடும். அச்சு தேய்ந்த தலையில் உதட்டின் நடுக்கோடு மழுங்கியிருக்கும்.

இந்தக் காலித் தலையில்தான் முடி தைக்கிறார்கள். தையல் இயந்திரத்தின் உறவினர் ஒன்று. ஊசி ஒரு கற்றை இழையை மடித்து மண்டையோட்டுக்குள் குத்தி விட்டு மேலே வரும், தொழிலாளி தலையைக் கையால் திருப்பித் திருப்பிக் கொடுப்பார். உச்சி வகிடும் நெற்றி ஓரமும் நெருக்கமான வரிசை. பின்மண்டையில் இடைவெளி கூடும். செலவைக் குறைக்க நினைப்பவர் கை வைக்கும் முதல் இடம் பின்மண்டை. கொண்டை போட்டு விற்கும் பொம்மையை அவிழ்த்தால் சில சமயம் நடுவில் வழுக்கையே இருக்கும்! வாங்கியதும் முடியை இரண்டாகப் பிரித்து வரிசைகளுக்கு இடையே எவ்வளவு தோல் தெரிகிறது என்று பாருங்கள். இழை கழலாமல் இருக்க உட்புறம் பசை பூசுவதும் உண்டு. பசை மிகுந்துபோனால் நாளடைவில் வேர்வழியே கசிந்து, எண்ணெய் தேய்த்த தலைபோல் பிசுபிசுக்கும். சேகரிப்பாளர்களின் நீண்டகாலப் புலம்பல் இது.

இழை என்னவென்று தெரிந்துகொள்வது இன்னும் முக்கியம். நல்ல பொம்மைகளுக்கு நைலான் அல்லது சாரன் இழை, மலிவானவற்றுக்குப் பாலிப்ரொப்பிலீன். சாரன் என்பது 1933இல் அமெரிக்காவின் டவ் வேதி நிறுவனத்தில் ரால்ஃப் வைலி தற்செயலாகக் கண்ட பாலிவினைலிடீன் குளோரைடு. கனமான இழை, அதனால் முடி தானே தொங்கும், பளபளக்கும், சீவினால் படியும். பாலிப்ரொப்பிலீன் இலேசானது, மெழுகு தடவியதுபோல் கைக்குப் படும், சீக்கிரம் சிக்காகி நிற்கும். எது எதுவென்று வீட்டிலேயே சோதிக்கலாம். சீப்பில் வந்த ஓர் இழையை, ஒரு துளி சோப்புத் தண்ணீர் விட்ட டம்ளரில் விரலால் அமிழ்த்தி விடுங்கள். பாலிப்ரொப்பிலீனின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.9 கிராம், மேலே வந்து மிதக்கும். நைலான் 1.14, சாரன் 1.7 அளவில், இரண்டும் மூழ்கும். சோப்பு எதற்கு என்றால், அது இல்லாவிட்டால் நீரின் பரப்பு இழுவிசை கனமான இழையையும் தாங்கிப் பிடித்து உங்களை ஏமாற்றும்.

முகத்துக்கு வருவோம். கண்ணும் உதடும் பெரும்பாலும் வரையப்பட்டவை அல்ல, ஒற்றியெடுத்தவை. படம் குழிவாகப் பொறித்த உலோகத் தகட்டில் மையை வழித்துவிட்டு, மெத்தென்ற சிலிக்கோன் முத்திரையை அதன்மேல் அழுத்தினால் மை முத்திரைக்குத் தாவும். முத்திரையைக் கன்னத்தில் அழுத்தினால் வளைவு நெளிவுக்கெல்லாம் ஒத்துப்போய் மையை அங்கே விட்டுவிட்டு வரும். கருவிழிக்கு ஒரு முறை, இமைக்கு ஒரு முறை, கண்ணின் வெள்ளைப் பொட்டுக்கு ஒரு முறை என்று நிறத்துக்கு ஒன்றாக ஒற்ற வேண்டும். இதில் ஒன்று அரை மில்லிமீட்டர் விலகினாலும் பொம்மை ஒன்றரைக் கண்ணாகிவிடும். அண்மைக் காலத்தில் டிஜிட்டல் அச்சும் வந்துவிட்டது. நிழலும் கன்னச் சிவப்பும் அதில் இயல்பாகக் கூடிவரும். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்தால் நுண்புள்ளிகள் தெரியும். எந்த முறையானாலும் ஒரே தொகுதியில் இரண்டு பொம்மை அச்சாக ஒரே பார்வை பார்ப்பதில்லை. ஆகவே பொம்மை வெளியே தெரியும் பெட்டியாக இருந்தால், கடையில் மூன்று நான்கை வரிசையாக நிறுத்தி, இரண்டு கருவிழியும் ஒரே திசை பார்க்கும் ஒன்றை எடுங்கள். மூடிய பெட்டியில் இந்த வாய்ப்பே கிடையாது.

மூட்டு விஷயத்தில்தான் காலண்டர் பொம்மைகள் பெரும்பாலும் கோட்டை விடுகின்றன. கழுத்து, இரு தோள், இரு தொடை என்று ஐந்தே மூட்டு. கால் முழுதும் மடங்காத ஒரே துண்டு. உட்கார வைத்தால் இரண்டு காலும் விரிந்து பரவும். உள்ளே பாலிப்ரொப்பிலீன் எலும்பு வைத்த முழங்கால் என்றால் மடக்கும்போது 'க்ளிக்' என்று சத்தம் கேட்கும். அது ஒரு படி மேல். 2015இல் பார்பியிலேயே 22 மூட்டுள்ள ஒரு வகை வந்தது. மணிக்கட்டைத் திருப்பி, முழங்கையை மடக்கி, கைப்பையைத் தோளில் மாட்டி நிற்க வைக்கலாம். ஐந்து மூட்டுப் பொம்மைக்குக் கொடுத்த கைப்பையோ கையில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருக்கும். கைப்பைக்கு ஒரு கதவு ஒதுக்கிவிட்டு அதை மாட்ட மடங்கும் கை கொடுக்காதது என்ன கணக்கோ!

உடையைப் பற்றி ஒரு சங்கதி. எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் பொம்மையின் பாவாடை ஏன் விறைத்து நிற்கிறது? துணி தன் எடையால் எவ்வளவு நீளத்தில் வளைந்து தொங்கும் என்பதை 'வளைவு நீளம்' என்ற அளவாக்கி 1930இல் எழுதியவர் இங்கிலாந்தின் எஃப்.டி. பியர்ஸ். ஒரு பருத்தித் துணிக்கு அது இரண்டு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மனிதருடைய பாவாடையில் இரண்டு சென்டிமீட்டர் ஒன்றுமே இல்லை. அதே துணியை ஆறில் ஒரு பங்கு உருவத்துக்குத் தைத்தால், அந்த இரண்டு சென்டிமீட்டர் நம் கண்ணுக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் விறைப்பாகத் தெரிகிறது. உடை சுருங்கியது, துணி சுருங்கவில்லை. அதனால் மெல்லிய, நெகிழ்ந்த துணியைத் தேர்ந்தவரே தொழில் தெரிந்தவர். விளிம்பு மடித்துத் தைத்திருக்கிறதா, வெட்டியபடியே நூல் பிரிகிறதா என்றும் திருப்பிப் பாருங்கள். முதுகில் ஒட்டும் வெல்க்ரோ அகலமாக இருந்தால் முடி அதில் சிக்கிக் கெடும். சிறிய டிச் பட்டன் எவ்வளவோ மேல்.

பாதுகாப்பையும் சொல்லிவிட வேண்டும். செருப்பும் கம்மலும் குழந்தையின் தொண்டைக்குள் போகும் அளவு. 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனை உருளைக்குள் அடங்கும் துணுக்குகளை மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மையில் வைக்கக் கூடாது என்பது விதி; பெட்டியின் மேல் உள்ள வயது எச்சரிக்கை அதனால்தான். பிவிசியை மென்மையாக்கும் சில தாலேட்டுகளுக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எடையில் 0.1 சதவீதம் என்ற வரம்பு உண்டு. இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், இறக்குமதிக்கும் சேர்த்து. முத்திரை இல்லாத பெட்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

பொம்மையை எடுத்து வைப்பவர்களுக்கு: கருநீலம், கருஞ்சிவப்பு உடைகளின் சாயம் மெல்ல மெல்ல வினைல் காலில் இறங்கும், பின்பு போகாது. உலோகக் கம்மலையும் கழற்றி வையுங்கள். 1960களின் பார்பிகளில் காதைச் சுற்றிப் பச்சைக் கறை படிந்ததற்குக் காரணம் செம்பு கலந்த கம்மல்தான்.

இத்தனையும் பார்த்தபின் என் தீர்ப்பு இதுதான். காலண்டர் பெட்டியில் நாம் கொடுக்கும் பணத்தில் நல்லதொரு பங்கு காத்திருக்கும் சுகத்துக்குப் போகிறது. பொம்மை பெரும்பாலும் நடுத்தரம். காத்திருக்கும் சுகத்தை அட்டைப்பெட்டிதான் தர வேண்டும் என்றில்லை. ஜெர்மன் வீடுகளில் இன்றும் 24 சிறு துணிப்பைகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். மூட்டுள்ள, முடி அடர்ந்த பொம்மை ஒன்றைத் தனியாக வாங்கி, நாலைந்து உடையைத் தைத்தோ வாங்கியோ, மீதியைப் பாசிமணியும் ரிப்பனுமாகப் பைகளில் நிரப்புங்கள். கிட்டத்தட்ட அதே செலவில் வீட்டுக் குழந்தைக்கு மேலான பொம்மை கிடைக்கும்.